காக்கைப் பனிக்கு முன் கழற்றிய டயர்கள்

கியூபெக்கில் பனி டயருக்குச் சட்டம் உண்டு. டிசம்பர் ஒன்றாம் தேதியிலிருந்து மார்ச் பதினைந்துவரை பனி டயர் இல்லாமல் கார் ரோட்டில் இறங்கக்கூடாது. கீழ் ஆன்ஸ் என்ற கீழூர்க்காரர்கள் அந்தச் சட்டத்தைப் பெரிதாக நினைத்ததே கிடையாது. அதைவிடக் கண்டிப்பான சட்டம் ஒன்று அவர்களுக்கு இருந்தது. அதன் பெயர் ரெஜான் ஒதே.

வயது அறுபத்து மூன்று. உயரம் ஐந்தடிக்கு ஒரு விரற்கடை குறைவு. காரில் தலையணை போட்டு உட்கார்ந்தால்தான் சாலை தெரியும். முப்பத்தொரு வருடம் சொந்தக் காரில் மேலூருக்கும் கீழூருக்கும் தபால் கொண்டுபோனவள். ஓய்வு பெற்றதும் வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போகும் தொண்டர் பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டாள்.

இலையுதிர்காலத்தில் அவள் காருக்குப் பனி டயர் ஏறிய மறுநாளே மேலூரில் காஸ்தோனின் பட்டறை வாசலில் வரிசை நிற்கும். வசந்தத்தில் அவள் கழற்றினால்தான் மற்றவர்களும் கழற்றுவார்கள். டிவியில் வானிலை சொல்கிற பெண்மணி என்ன சொன்னாலும், "ரெஜான் மாத்திட்டாளா?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டுதான் மேலே பேசுவார்கள்.

இதற்கெல்லாம் காரணம் பாதிரியார் இறக்கம். கீழூர் ஆற்றங்கரையில் இருக்கிறது. மேலூரும் பெருஞ்சாலையும் மலை உச்சியில். இரண்டுக்கும் நடுவே ஒரே சாலை, மூன்று வளைவு, ஐந்தடி போனால் ஓரடி ஏறும் மேடு. ஒரு காலத்தில் ஒரு பாதிரியார் குதிரையோடும் சறுக்குவண்டியோடும் அதில் வழுக்கி, நேராக ஆற்றுப் பனிக்கட்டியின்மேல் போய் நின்றாராம். குதிரை அதற்குப் பிறகு பூசைக்கு வரவில்லை என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

அந்த மேட்டில் முப்பத்தொரு குளிர்காலம் ஏறி இறங்கியவளுக்கு டயர்மேல் ஒரு பக்தியே இருந்தது. கடவுளை அவள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் நினைப்பாள். டயரை வாரம் முழுக்க நினைப்பாள். உறைநிலைக்கு இருபத்தைந்து டிகிரி கீழே போன காலையில், கையுறையைக் கழற்றிவிட்டுப் பனி டயரில் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்துவாள். காதுமடல்போல அது அழுந்தி, மெதுவாகத் திரும்பி எழும். எல்லாக் காலத்துக்கும் என்று விற்கிற டயரில் அதே நகத்தை வைத்தால் நகம்தான் வலிக்கும். ஆறே உறைந்து கல்லாகக் கிடக்கும் குளிரில், கறுப்பு ரப்பர் ஒன்று மட்டும் எப்படி மெத்தென்று இருக்கிறது என்று அத்தனை வருடமும் அவளுக்கு வியப்பாகவே இருந்தது. ஒரு காலையிலாவது அது பழகிப்போனதில்லை.

இந்தப் பக்தியைக் கிண்டல் செய்ய ஊரில் ஒரே ஒருவருக்குத்தான் துணிச்சல். அது அதெலார், இறந்துபோன அவள் கணவனின் அண்ணன். எழுபத்தொரு வயது. படகுத்துறையில் நாற்பது வருடம் கயிறு வீசியவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். சர்க்கரை வியாதி முதலில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தது, அப்புறம் சிறுநீரகத்தைத் தின்றது. திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று நாள் அவரை ரெஜான் மேடேற்றி, நாற்பது கிலோமீட்டர் தாண்டி டயாலிசிஸுக்குக் கொண்டுபோவாள். போகும்போதும் வரும்போதும் சண்டைதான்.

"நாலு காலத்துக்கும்னு டயர்லயே அச்சடிச்சிருக்கான். குளிர்காலம் அந்த நாலுல ஒண்ணு இல்லையா?"

"அச்சடிச்சவன் நம்ம மேட்டைப் பாத்திருக்க மாட்டான், மச்சான்."

"நாங்கல்லாம் பின்னாடி நாலு மணல் மூட்டையைப் போட்டுக்கிட்டு ஏறினோம். பனி டயராம், மண்ணாங்கட்டியாம். காசு புடுங்கறதுக்கு ஒரு வழி."

"எத்தனை தடவை ஏறினீங்க, எத்தனை தடவை மூட்டையோட ஆத்தங்கரையில நின்னீங்கன்னு உங்க தம்பி எல்லாம் சொல்லிட்டுத்தான் போயிருக்காரு."

"செத்தவனைச் சாட்சிக்குக் கூப்பிடாத" என்று அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். மேட்டின் உச்சியை எட்டும்வரை அப்படியே இருப்பார்.

டயரை எப்போது கழற்றுவது என்பதற்கு ரெஜானிடம் இருந்த கணக்கு ஒன்றுதான்: காக்கைப் பனி. குளிருக்குத் தெற்கே போன காக்கைகள் மார்ச்சில் திரும்பி வந்து கத்தும். அவை வந்த பிறகு பெரிய பனி ஒன்று விழும். அது விழுந்து முடிந்தால்தான் குளிர்காலம் முடிந்தது. அதற்கு முன்னால் வெயில் எவ்வளவு இளித்தாலும் நம்பக்கூடாது.

அந்த வருடம் காக்கைகள் சீக்கிரமே வந்துவிட்டன. மார்ச் கடைசியில் ஒரு நாள் பனியும் விழுந்தது; நான்கு விரல் உயரம். சாயங்காலத்துக்குள் உருகி ஓடிவிட்டது. அது காக்கைப் பனியா இல்லையா என்று ஊரே இரண்டு வாரம் வாதாடியது. காஸ்தோன் ஆமென்று சாதித்தான். ஐம்பத்தைந்து வயது, நூற்று முப்பது கிலோ, ஒரு முழங்கால் சரியில்லை, குரல் மட்டும் பூசை மணி.

"காக்கா வந்துச்சு. அப்புறம் பனி வந்துச்சு. இன்னும் என்ன வேணும் அக்கா, காக்கா கையெழுத்துப் போட்டுக் குடுக்கணுமா?"

"அதுக்குப் பேரு பனியா? என் தலையிலருந்து பொடுகு அதைவிட ஜாஸ்தி விழும்" என்றாள் ரெஜான்.

அப்படிச் சொன்னவள்தான் விழுந்தாள். ஏப்ரல் வெயில் பன்னிரண்டு டிகிரிக்குப் போயிற்று. ஆட்கள் சட்டையோடு வாசற்படியில் உட்கார்ந்து பீர் குடித்தார்கள். தார்ச்சாலை காய்ந்து சூடேறியது. காஸ்தோன் அவளுடைய பலவீனத்தைத் தெரிந்து ஒரு வார்த்தை போட்டான்: "காஞ்ச ரோட்டுல பனி டயர் தேயுது அக்கா. நல்ல டயரு, பாக்கவே பாவமா இருக்கு." டயர்மேல் இரக்கப்பட்டு அவள் தன் கணக்கை நம்பாமல் விட்டாள். ஈஸ்டருக்கு முந்தின புதன்கிழமை நான்கையும் கழற்றி, எல்லாக் காலத்து டயரை மாட்டிக்கொண்டாள். சனிக்கிழமை மதியத்துக்குள் கீழூரின் பதினோரு கார்களும் மாற்றியாகிவிட்டது. கழற்றிய டயரெல்லாம் வழக்கம்போல மேலூரில், காஸ்தோனின் பட்டறை அலமாரியில், பெயர்ச் சீட்டோடு அடுக்கில் போய் உட்கார்ந்தன.

ஈஸ்டர் ஞாயிறு ரெஜான் வீட்டில் விருந்து. மேப்பிள் பாகில் சுட்ட பன்றித்தொடை, உருளைக்கிழங்கு. சிறுநீரகம் கெட்டவர் தொடக்கூடாத பண்டம் உருளைக்கிழங்கு. அதில் இருக்கும் பொட்டாசியம் உடம்பை விட்டுப் போகாமல் நெஞ்சைப் பிடிக்கும். அதெலாருக்கு அது நன்றாகவே தெரியும். அவள் காப்பி போட உள்ளே போன இரண்டு நிமிடத்தில் கிண்ணம் காலி. "நாய் தின்னுருக்கும்" என்றார். அவள் வீட்டில் நாய் கிடையாது.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு ரெஜான் கண் விழித்தபோது எந்தச் சத்தமும் இல்லை. ஆற்றின் சத்தம்கூட இல்லை. அந்த அமைதி எதனால் என்று படுக்கையிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து திரையை விலக்கினாள். மாதா கோயில் படிகள் இல்லை. வேலிகள் இல்லை. அவளுடைய கார் இருந்த இடத்தில் ஒரு வெள்ளை மேடு. முழங்காலுக்கு மேல் பனி விழுந்திருந்தது. இன்னும் விழுந்துகொண்டிருந்தது, அவசரமே இல்லாமல், பெரிய பெரிய சருகுகளாக. தேவதாரு மரம் ஒன்றின் உச்சியில் காக்கை ஒன்று நனைந்து உட்கார்ந்திருந்தது. கோபம் வர வேண்டிய நேரம்தான். ஆனால் அவளுக்குக் கோபம் வருமுன் வாய் பிளந்துவிட்டது. முப்பத்தொரு வருடம் பார்த்தவளுக்கே இப்படி ஒரு பனி புதிது.

அதெலாரின் வீட்டுக்கு நடந்து போனாள். அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். செயற்கைக் காலை மாட்ட முயன்று விட்டிருந்தார். "கை கனமா இருக்கு. நாக்கு மரத்தாப்புல இருக்கு" என்றார். கிண்டல் எதுவும் இல்லாமல் அவர் பேசியதுதான் அவளைப் பயமுறுத்தியது.

டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ் சோலாஞ் போனை எடுத்தாள். என்ன சாப்பிட்டார் என்றுதான் முதலில் கேட்டாள்.

"உருளைக்கிழங்கு" என்றாள் ரெஜான்.

"எத்தனை?"

"ரெண்டு" என்றார் அதெலார் கட்டிலிலிருந்து.

"மச்சான்."

"நாலு."

அந்தப் பக்கம் சோலாஞ் நிதானமாகச் சொன்னாள்: "சாயங்காலம் ஆகும், நாளைக்கு ஆகும்னு பேச்சே வேண்டாம். பத்து மணிக்குள்ள இங்க இருக்கணும். நெஞ்சு எப்ப நிக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க." கூப்பிட்டாள். பெருஞ்சாலையில், ஆஸ்பத்திரிக்கு அப்பால், லாரிகள் மோதிக் கிடந்தன, வண்டிகளெல்லாம் அங்கே. பனி தள்ளும் வண்டி விடியலுக்கு முன் ஒரு தடவை தள்ளிப்போனதுதான், இனி மதியத்துக்கு மேல்தான் பாதிரியார் இறக்கத்துக்கு வரும், அதற்கு முன் கீழே இறங்க முடியாது என்றார்கள்.

அக்கம்பக்கத்தார் பனி அள்ளும் சவுளோடு வந்து காரைத் தோண்டி எடுத்தார்கள். அவரைப் போர்வையில் சுற்றிப் பக்கத்து இருக்கையில் வைத்தாள். கியரைப் போட்டு, மெதுவாக, முட்டையின்மேல் நடப்பதுபோல மேட்டில் ஏற்றினாள். முதல் வளைவு தாண்டிற்று. இரண்டாவது வளைவில், மரச்சிலுவை நிற்கும் இடத்தில், சக்கரம் சுற்றியது, கார் நகரவில்லை. அடுத்த நொடி கார் பின்னால் வழுக்கத் தொடங்கியது. பிரேக்கில் கால் இருந்தும் ஒன்றும் ஆகவில்லை. ரெஜான் கழுத்தைத் திருப்பி, பின் கண்ணாடி வழியே பார்த்து, ஸ்டியரிங்கை ஒரு நூல் இந்தப் பக்கம் ஒரு நூல் அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டே வந்தாள். இருநூறு மீட்டர் பின்னோக்கிச் சறுக்கி, கோயிலுக்கு எதிரே சமதரையில் கார் தானாக நின்றது.

"பாதிரியாரைவிட நீ தேவலை. ஆத்துக்கு முன்னாடியே நிறுத்திட்ட" என்றார் அதெலார். உதடு வெளுத்திருந்தது.

வண்டி இருந்தது, ஓட்டத் தெரிந்தவள் இருந்தாள், சாலையும் இருந்தது. ரப்பர் மட்டும் தப்பு. ஊரின் சரியான ரப்பர் நாற்பத்து நான்கும் மேலே காஸ்தோனின் அலமாரியில் காய்ந்த இடத்தில் சுகமாகப் படுத்திருந்தன. அவள் மாற்றினாள் என்றுதான் எல்லோரும் மாற்றினார்கள். அதை யாரும் சொல்லவில்லை. அவர்கள் சொல்லாமல் சவுளை ஊன்றி நின்றது அவளுக்கு இன்னும் சுட்டது.

காஸ்தோனுக்குப் போன் போட்டாள்.

"காஸ்தோன், என் டயர் எங்க இருக்கு?"

"ரெண்டாவது தட்டுல... ஐயோ அக்கா."

"கீழ கொண்டா."

"எப்படிக் கொண்டு வர? பனி ஸ்கூட்டர் எஞ்சினைப் பிரிச்சுப் போட்டிருக்கேன். காரை இறக்கினா நானும் ஆத்துலதான்."

"எப்படியோ கொண்டா. காக்கா கையெழுத்துப் போடணுமான்னு கேட்ட வாய்தானே அது?"

அவன் போனை வைத்துவிட்டான்.

முக்கால் மணி நேரம் கழித்து, பனித்திரைக்குள் மூன்றாவது வளைவில் ஏதோ அசைந்தது. பட்டறையில் கிடந்த குழந்தைகளின் நீளச் சறுக்குப்பலகை. அதன்மேல் நான்கு டயர்கள், ஊர்வலத்தில் வரும் கனவான்கள்போல ஒன்றின்பின் ஒன்றாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தன. பலகைக்குப் பின்னால் இடுப்பில் கயிறு கட்டி, குதிகாலைப் பனியில் ஊன்றி, உடம்பே பிரேக்காகக் காஸ்தோன் இறங்கிக்கொண்டிருந்தான். நூற்று முப்பது கிலோவும் அன்றைக்குத்தான் ஊருக்கு உபயோகப்பட்டது. ஒவ்வொரு அடிக்கும் கெட்ட முழங்கால் மடிந்தது. ஒவ்வொரு தடவையும் நின்று நிமிர்ந்தான். சவுளோடு நின்றவர்கள் தொப்பியைக் கழற்றாத குறைதான். ரெஜானுக்கு அவன்மேல் இருந்த கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

சிலுவை வளைவில் ஒரு டயர் கட்டவிழ்ந்தது. தனியாக நிமிர்ந்து, யோசித்து, ஓட ஆரம்பித்தது. கியூபெக்கில் வசை என்றால் கோயில் சாமான்களின் பெயர்தான்; காஸ்தோன் வைததில் அத்தனையும் வந்தன. டயர் முதல் வளைவைத் தானே திரும்பி, கூட்டத்தைக் கடந்து, காரையும் கடந்து போய், படகுத்துறைப் பனிக்குவியலில் பாதி புதைந்து நின்றது.

"அதுக்கு வழி தெரியும்" என்றாள் ரெஜான். போய் எடுத்துவந்தாள்.

ஜாக்கியை வைத்துக் காஸ்தோன் தூக்கினான். நட்டுகள் பனியில் விழுந்தால் தேடி மாளாது. அதெலார் காருக்குப் பக்கத்தில் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்து, தன் கம்பளிக் குல்லாவைக் கழற்றி மடியில் விரித்தார். கழற்றிய நட்டெல்லாம் அதில் விழுந்தன. நரைத்த தலையில் பனி விழ விழ, மரத்துப்போன விரல்களால் ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினார். இருபது நட்டு. அவர் கையிலிருந்து இரண்டு நழுவின. இரண்டும் குல்லாவுக்குள்ளேயே விழுந்தன. கடைசி நட்டை ரெஜான் தானே ஸ்பேனரின்மேல் ஏறி நின்று இறுக்கினாள். அப்போது மணி ஒன்பதாக ஐந்து நிமிடம்.

இம்முறை காஸ்தோனும் பின்சீட்டில் ஏறிக்கொண்டான். திரும்ப நடக்க அவனுக்கு முழங்கால் இல்லை.

அதே கார். அதே எஞ்சின். அதே மேடு, இன்னும் இரண்டு விரல் கூடுதல் பனியோடு. முதல் வளைவில் டயருக்கடியில் பனி, அரிசியை மிதிப்பதுபோல நறநறத்தது. சிலுவை வந்தது. அங்கே தங்கள் பழைய சறுக்கல் தடம் ஆழமாகப் பதிந்திருந்ததை மூவரும் பார்த்தார்கள். ரெஜான் மூச்சை விடவில்லை. சக்கரம் அரைச்சுற்று வழுக்கியது, பிறகு பிடித்தது. ரப்பர் பனிக்குள் விரல் விட்டுப் பிடிப்பதை ஸ்டியரிங் வழியாக உள்ளங்கையில் உணர்ந்தாள். கார் ஏறியது. வேகமாக அல்ல, நடந்துபோகிற ஆளின் வேகத்தில், நிற்காமல் ஏறியது. கீழே ஆறும் கோயிலும் வெள்ளையில் கரைந்துகொண்டே போயின. மூன்றாவது வளைவு தாண்டியதும் அவள் கண்ணில் நீர் முட்டியது. முப்பத்தொரு வருடமாக நம்பிய ஒன்றை இன்றுதான் முதல்முறையாகக் கண்ணால் பார்த்ததுபோல இருந்தது. நாலு ரப்பர் வளையம், அவ்வளவுதான். அதற்குள் ஒரு மனிதனின் உயிர் இருந்தது.

மேட்டின் உச்சியில் அதெலார் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தார்.

ஆஸ்பத்திரியில் சோலாஞ் நெஞ்சுத் துடிப்புக் காகிதத்தைப் பார்த்ததும் அவரைத் திட்டுவதை நிறுத்திவிட்டு நடையை வேகமாக்கினாள். பத்தே கால் மணிக்கு மெஷின் ஓடத் தொடங்கியது. "மதியம்வரை தாங்கியிருக்காது" என்று அவள் பிற்பாடு தாழ்வாரத்தில் ரெஜானிடம் சொன்னாள்.

அதற்குப் பிறகு ரெஜான் டயரைக் கழற்றவில்லை. ஏப்ரல் போயிற்று, மே போயிற்று. லைலாக் பூத்தது. காய்ந்த சாலையில் பனி டயர் வண்டுபோல ரீங்காரம் போட்டுக்கொண்டு போனது. சனிக்கிழமைகளில் கீழூர்க்காரர்கள் ஒவ்வொருவராகக் காஸ்தோனிடம் மேலே போய், தங்கள் பனி டயரைத் திரும்ப மாட்டிக்கொண்டு வந்தார்கள். வெயிலில் வியர்த்துக்கொண்டு, பதினோரு கார்களும் பனி டயரில். பைத்தியக்காரத்தனம் என்று எல்லோருக்கும் தெரியும். ரெஜானிடம் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை.

ஜூன் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை, டயாலிசிஸ் முடிந்து வரும் வழியில், "பட்டறையில நிறுத்து" என்றார் அதெலார். இறங்கி, நாற்காலி கேட்டு உட்கார்ந்து, குல்லாவைக் கழற்றி மடியில் விரித்தார்.

"கழட்டு, காஸ்தோன். என்னால ஊரே தேயுது."

"இன்னொரு பனி வந்தா?" என்றாள் ரெஜான்.

"ஜூன்லயா? வந்தா வரட்டும். ஆனா இந்த டயர் மேலூர்ல இருக்க வேண்டாம். என் வீட்டுல இருக்கட்டும்."

அப்படித்தான் ஆயிற்று. நான்கு டயரும் அவர் வீட்டு முன்னறையில், அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டன. காப்பிக் கோப்பையை அதன்மேல்தான் வைப்பார். கீழூரில் மற்ற டயர்களும் ஒவ்வொரு வீட்டுக் கொட்டகைக்கும் வந்துசேர்ந்தன. இவ்வளவு சாதாரண விஷயம் இத்தனை வருடம் யாருக்கும் தோன்றவில்லையே என்று காஸ்தோன் தலையில் அடித்துக்கொண்டான்.

அக்டோபரில் முதல் உறைபனி விழுந்த திங்கட்கிழமை, ரெஜான் அவரைக் கூட்டிப்போக வந்தாள். முன்னறையில் அடுப்பு இன்னும் மூட்டவில்லை, மூச்சு புகைந்தது. அதெலார் போர்வையோடு உட்கார்ந்து, மேலே இருந்த டயரில் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். அவள் வந்ததைக் கவனிக்கவில்லை. நகத்தை எடுத்தார். பள்ளம் மெதுவாக எழுந்து மூடியது. திரும்ப அழுத்தினார், திரும்ப எழுந்தது. அவர் முகத்தில் கிண்டல் துளியும் இல்லை.

"என்ன மச்சான், பாக்கறீங்க?"

அவர் நிமிர்ந்தார். கண் பளபளத்தது.

"இந்தக் குளிர்லயும் மெத்துன்னு இருக்கு, ரெஜான்" என்றார். "இன்னைக்கே மாட்டிடலாமா?"